ஏழு தெரிவுகளும் ஒரு கொய்யா மரமும்

உலகத்தில் பசியைப் போக்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு தட்டுச் சோறு போட்டால் பசி தானாகவே போய்விடும். பழத்தைப் பற்றி ஏழு மாதம் பேசி, பழத்தின் பக்கமே போகாமல், பழப் பிரச்சினையைத் தீர்த்து வைத்த பெருமை மனித வரலாற்றிலேயே ஒரே ஒரு கமிட்டிக்குத்தான் உண்டு. அதன் முழுப்பெயர் ‘பள்ளி மாணவர்களுக்குப் பழங்கள் மற்றும் காய்கறிகள் வழங்குவதற்கான கொள்கைத் தெரிவுகளை ஆராயும் உயர்நிலைக் கமிட்டி’. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாழைப்பழத்தைத் தின்று தோலையும் போட்டுவிடலாம். ஆனால் கமிட்டியில் யாரும் அப்படி அவசரப்பட்டதில்லை.

இந்த வெற்றியில் பெரும்பங்கு ஓர் எழுத்தரைச் சேரும். கூட்ட அறையில் தலைவருக்கு இடப்பக்கமும், ஏ.சி. ஒழுகுகிற வாளிக்கு வலப்பக்கமும் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதையெல்லாம் எழுதுகிறவர் அவர். அலுவலகத்தில் அவரைக் ‘குறிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை; கொட்டாவிகூட வெளியே போய்த்தான் விட்டுவிட்டு வருவார்.

அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் பேசியவர் யார். இரண்டாவதில் என்ன பேசினார். மூன்றாவதில் ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’. இந்த மூன்றாவது கட்டம் காலியாக இருக்கவே கூடாது. அதுதான் அந்த அலுவலகத்தின் வேதம். ஒருமுறை ஓர் உறுப்பினர் உட்காரும்போது “அப்பாடா, முதுகு வலிக்குது” என்று சொல்லிவிட்டார். குறிப்பு அதையும் எழுதினார். அடுத்த கூட்டத்துக்குள் இரண்டு நிபுணர்களின் கருத்தைப் பெற்று, அந்த உறுப்பினரின் நாற்காலியை எடுத்துவிட்டுப் பெஞ்சு போட்டார்கள். அன்றிலிருந்து அவர் முதுகைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொரு நல்ல வழக்கமும் அங்கே உண்டு. மூன்றாவது கட்டத்தில் எழுதியதை யாரும் நேரில் போய்ப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் எழுதியவரை நம்பவில்லை என்றல்லவா ஆகிவிடும்? பண்புள்ள அலுவலகம் அது.

தெரிவுகளை முடிவு செய்த கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. மேசை நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் திராட்சை. தலைப்புக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தலைவரே சொல்லி வாங்கி வைத்தது. வாராவாரம் தூசி தட்டுவார்கள்.

ஆலோசகர் எழுந்து நின்றார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஆனால் லேப்டாப்பைத் திறந்தால் அறுபது வயதுக் கவலை முகத்தில் வந்துவிடும்.

“முதல் தெரிவு,” என்றார். “பிள்ளைங்களுக்கு தினம் ஒரு பழம் குடுக்கறது.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்புறம்?”

“அவ்வளவுதான் சார்.”

“என்னய்யா இது, இவ்வளவு நேரடியா இருக்கு? நாளைக்கே யாராவது எடுத்துக் குடுத்துட்டா? அப்புறம் நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?”

ஊட்டச்சத்து நிபுணர் அம்மா கையை உயர்த்தினார். “பழம்னா எந்தப் பழம்? ஆப்பிள்னா தோலோடயா, தோல் இல்லாமயா? முழுசாவா, நறுக்கியா? நறுக்கினா எத்தனை துண்டு? இதுக்கெல்லாம் தனியா ஒரு உபகமிட்டி போடாம எப்படிங்க?”

உபகமிட்டி போடப்பட்டது. முதல் தெரிவு அதன் தலையில் கட்டப்பட்டது.

இரண்டாவது தெரிவு, பழக் கூப்பன். மூன்றாவது, வகுப்பறைச் சுவர்களில் பழங்களின் வண்ணப் படம். நான்காவது, பள்ளிக்குப் பள்ளி காய்கறித் தோட்டம்.

“வெண்டைக்காய் காய்க்க எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டார் தலைவர்.

“நாப்பத்தஞ்சு நாள் சார்.”

“அதுவரைக்கும் கமிட்டி இருக்குமா?”

“தாராளமா இருக்கும் சார்.”

“காய்ச்சதுக்கு அப்புறம்?”

ஆலோசகர் அவசரமாக லேப்டாப்பில் அடுத்த பக்கத்துக்குப் போனார். நான்காவது தெரிவின் மேல் எல்லோருக்குமே ஓர் இனம்புரியாத பயம் வந்துவிட்டது.

ஐந்தாவது, பிஸ்கட்டுக்குக் கூடுதல் வரி. அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் டீயும் பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் வரி போட யாருக்குத்தான் மனசு வரும்? ஆறாவது, விழிப்புணர்வு வாரம். பள்ளிக்கு ஒரு பிள்ளை கேரட் வேஷம் போடும்.

“ஏழாவதா,” ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார், “ஒண்ணுமே செய்யாம இருக்கறது.”

தலைவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

“எல்லா நாட்டுலயும் இந்தத் தெரிவு உண்டு சார். ஒண்ணும் செய்யலைன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சாத்தானே, செஞ்சா என்ன ஆகும்னு ஒப்பிட்டுப் பாக்க முடியும்? மத்த தெரிவுக்கெல்லாம் ஆளுக்கொரு பள்ளி குடுத்துப் பாக்கற மாதிரி, இதுக்கும் ஒரு பள்ளியை ஒதுக்கணும். அங்க நாம ஒண்ணுமே செய்யக் கூடாது.”

“அதுல நமக்கு நல்ல அனுபவம் இருக்கு,” என்றார் தலைவர்.

அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ரொம்ப தூரம் போவானேன்?

“அங்க பிள்ளைங்க இப்ப ஒரு பழமும் சாப்பிடறதில்லைன்னு எழுதிக்கலாமா?” என்று கேட்டார் ஆலோசகர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம் குறிப்பு கெட்டது அந்த நொடியில்தான். அது அவருடைய மகள் படிக்கிற பள்ளி. பெருமை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பூட்டு பட்டென்று கழன்றது.

“சாப்பிடறாங்க சார்! என் பொண்ணு அங்கதான் படிக்கிறா. பின்பக்கம் ஒரு கொய்யா மரம் இருக்கு. இடைவேளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் பறிச்சுத் திம்பாங்க. உள்ள நல்லா சிவப்பா இருக்கும் சார்.”

சொல்லிவிட்டு, பழக்க தோஷம், அதை அவரே எழுதினார். ‘உள்ளே நன்கு சிவப்பு’ என்பதையும் விடவில்லை. எழுதி முடித்த பிறகுதான் பக்கத்தில் காலியாக இருந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்தார்.

“ஆய்வே கெட்டுப்போச்சு,” என்றார் ஆலோசகர். “ஒண்ணும் செய்யாத பள்ளியில பிள்ளைங்க பழம் தின்னா அதுக்கு என்ன சார் அர்த்தம்?”

“அந்த மரத்துக்கு யாரு அனுமதி குடுத்தா?” என்றார் தலைவர்.

“கழுவாம வேற திம்பாங்க,” என்றார் நிபுணர் அம்மா.

அரைமணி நேரத்தில் ஒருமனதாக முடிவானது. குழந்தைகளுக்குப் பழம் கிடைக்க வேண்டும் என்ற உயரிய நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டு, குழந்தைகளுக்குப் பழம் கிடைப்பது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். மரம் அகற்றப்பட வேண்டும். பேச்சை எடுத்தவர் குறிப்பு என்பதால், பொறுப்பும் குறிப்புக்கே.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“வீட்டுல நான் நாலு கேள்வி கேட்டா ஒண்ணுக்கும் பதில் வராது. அங்க போய் யாரும் கேக்காமயே பேசியிருக்கீங்க. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு இப்ப குத்துதே குடையுதேன்னா?”

“பெருமையா சொல்லப் போய் இப்படி ஆயிடுச்சு.”

“உங்க பெருமையில தீயை வைக்க. இவகிட்ட யாரு சொல்றது?”

இவள் என்றது மகளை. எட்டு வயது. வீட்டில் பெயர் வாலு. முன்பல் ஒன்று இல்லை. இரண்டு முழங்காலிலும் மரம் ஏறிய காயம். அவளுக்கு அதற்குள் பாதிச் செய்தி எட்டியிருந்தது.

“அப்பா, எங்க மரத்தைப் பத்தி உங்க ஆபீஸ்ல சொன்னியாமே! பெரிய சார் எல்லாம் என்ன சொன்னாங்க?”

“ரொம்பக் கவனமா கேட்டாங்கம்மா.”

வாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. மரத்தின் சட்டதிட்டங்களை மூச்சு விடாமல் எடுத்துச் சொன்னாள். கிழக்குக் கிளை மூன்றாம் வகுப்புக்கு. உச்சிக்கிளை ஐந்தாம் வகுப்புக்கு. ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் கீழே விழுவதைப் பொறுக்கிக்கொள்ளலாம். அவர்களுக்காகவே பெரிய பிள்ளைகள் ஒருமுறை உலுக்கிவிட வேண்டும். அவள் பெஞ்சுக்காரி ஒருத்திக்கு மட்டும் தினம் மூன்று. “அவ வீட்டுலேர்ந்து எதுவும் கொண்டு வர மாட்டாப்பா. அதான் அவளுக்கு மூணு. யாரும் கேக்க மாட்டோம்.”

எந்த உபகமிட்டியும் இல்லாமல் இதெல்லாம் எப்படி நடந்தது என்று குறிப்புக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடவே அழுகையும் வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனார்.

மறுநாள் ஆணையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். பெரிய டீச்சர் அதை இரண்டு முறை படித்தார்.

“ஏன் சார், மரம் என்ன தப்பு பண்ணுச்சு?”

“திட்டம் வர்றதுக்கு முன்னாடியே காய்ச்சிடுச்சு டீச்சர்.”

“சரி, இதை வெட்டிட்டா அரசாங்கப் பழம் எப்ப வரும்?”

“முதல்ல ஒண்ணும் செய்யாம இருந்து பாப்பாங்க. அப்புறம் ஒப்பிடுவாங்க.”

“எதோட?”

இருவரும் பின்பக்கம் போனார்கள். இடைவேளை. மரத்தில் காயைவிடப் பிள்ளைகள் அதிகமாக இருந்தார்கள். கிழக்குக் கிளையிலிருந்து ஒரு சத்தம், “அப்பா, பிடி!”

பிடித்தார். கடித்தார். உள்ளே நன்றாகச் சிவப்பாகத்தான் இருந்தது.

தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, குறிப்பேட்டை முழங்கால்மேல் வைத்துத் திறந்தார். மூன்றாவது கட்டத்தில், அவருக்கே உரிய முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: ‘மரம் அகற்றப்பட்டது.’ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். முழுக் கொய்யா மரத்தை இரண்டே சொல்லில் மறைத்தவர் இவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடத்தில் முதல் பொய். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை.

“டீச்சர், இன்னையிலேர்ந்து இந்த மரம் இல்லை.”

“இருக்கே சார்.”

“இருக்கு. ஆனா இல்லை.”

பெரிய டீச்சர் தலையாட்டினார். “ஓ, அப்படியா. புரிஞ்சுது சார். எங்களுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கழிப்பறை கட்டிக் குடுத்தாங்க. அதுவும் உங்க குறிப்புல இருக்கு. இங்கதான் இல்லை.”

அந்தக் கழிப்பறை கட்டியாகிவிட்டது என்று கூட்டத்தில் சொன்னதை நம்பி எழுதியதும் தாமே என்பது குறிப்புக்கு நினைவு வந்தது.

மூன்று மாதம் கழித்து ஆலோசகர் ஆய்வுக்கு வந்தார். கொளுத்துகிற வெயில். இல்லாத மரத்தின் நிழலில் காரை நிறுத்தினார். அதே நிழலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். அதன்மேல் ஒரு கொய்யா இலை விழுந்தது, ஊதித் தள்ளினார். காரின் மேல் ஒரு பழம் விழுந்து நசுங்கியது. பிள்ளைகளைப் பார்த்து முறைத்தார். குறிப்பு ஐந்தடி தள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

வாலு கையில் பாதிக் கொய்யாவோடு முன்னால் போய் நின்றாள்.

“இந்தப் பழம் உனக்கு யாரு குடுத்தா பாப்பா?”

“யாரும் குடுக்கலை அங்கிள்.”

“எந்தத் திட்டத்துல வந்துச்சு?”

“இந்த மரத்துலதான் வந்துச்சு.” தலைக்கு மேலே கையைக் காட்டினாள்.

ஆலோசகர் தலையை உயர்த்தினார். ஆனால் ஆலோசகர் படித்தவர். மேலே பார்க்கப் போன தலை பாதியிலேயே கீழே இறங்கி, மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தது. ‘மரம் அகற்றப்பட்டது.’ அவர் வாலுவை இரக்கத்தோடு பார்த்தார். “கற்பனை வளம் அதிகம்,” என்று எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஆய்வு முடிவு கூட்டத்துக்கு வந்தது. திரையில் ஏழு தூண்கள் நிற்கிற படம். கூப்பன் கொடுத்த பள்ளியில் பிள்ளைகள் தின்ற பழம் பூஜ்யம். கூப்பன் வந்தது, பழம் வரவில்லை. சுவரில் படம் வரைந்த பள்ளியிலும் பூஜ்யம். கேரட் வேஷம் போட்ட பள்ளியில் மட்டும் ஒரு கேரட். வேஷம் போட்ட பிள்ளை கையில் வைத்திருந்தது. மற்ற தூண்களெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்க, ஏழாவது மட்டும் கூரையை முட்டிக்கொண்டு நின்றது.

“ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணே முக்கால் கொய்யா!” ஆலோசகரின் குரல் தழுதழுத்தது. “எதுவும் குடுக்கலை சார். கூப்பன் இல்லை, தோட்டம் இல்லை. இருந்த ஒரு மரத்தையும் எடுத்தாச்சு. அப்படியும் பழம் வருது. ஒண்ணும் செய்யாம இருந்தா போதும், பழம் வருது!”

“பழம் நழுவிப் பால்ல விழுந்துடுச்சேய்யா!” என்றார் தலைவர். “நான் அன்னைக்கே நினைச்சேன். நாமதான் பிள்ளைங்களைப் போட்டுக் குழப்பிக்கிட்டிருக்கோம்னு.”

“மரத்தை எடுத்ததுக்கு அப்புறம் கூடியிருக்கவும் வாய்ப்பு இருக்கு,” என்றார் நிபுணர் அம்மா.

தீர்மானம் தயாரானது. நாடு முழுவதும் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளிலும் ஏழாவது தெரிவை உடனடியாக அமல்படுத்துவது.

குறிப்பின் பேனா நின்றது. மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பள்ளி. அங்கெல்லாம் கிழக்குக் கிளை ஏது, உச்சிக்கிளை ஏது? வீட்டிலிருந்து எதுவும் கொண்டு வராத பிள்ளை மட்டும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும். அவர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தார்.

“சார், அந்த மரம் இருக்கு சார்.”

“எந்த மரம்?”

“கொய்யா மரம். வெட்டலை. பிள்ளைங்க அதுலேர்ந்துதான் திங்கறாங்க.”

தலைவர் கோபப்படவில்லை. பழைய குறிப்பேட்டை வரவழைத்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். “இது யாரு கையெழுத்து?”

“என்னோடதுதான் சார்.”

“இருபத்திரண்டு வருஷத்துல உங்க குறிப்பு ஒரு தடவையாவது தப்புன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?”

“இல்லை சார்.”

“அப்ப குறிப்பு சரி. குறிப்பு சரின்னா, மரம்தான் தப்பு. தப்புன்னு தெரிஞ்சா திருத்திட வேண்டியதுதானே? ரம்பத்தோட ஆளை அனுப்பறேன். மத்தியானத்துக்குள்ள குறிப்பும் மரமும் ஒண்ணாயிடும்.” போனைக் கையில் எடுத்தார். “சொல்லுங்க. மரம் இருக்கா?”

எல்லோரும் குறிப்பைப் பார்த்தார்கள். வாளியில் தண்ணீர் சொட்டியது. உண்மையைச் சொன்னால் மத்தியானம் வாலு பள்ளியின் பின்பக்கம் போய் நிற்பாள். அங்கே வெறும் அடிக்கட்டை இருக்கும். மற்ற பள்ளிகளின் பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை. அவர்களுக்கு முகமில்லை. இவளுக்கு முன்பல் இல்லாத முகம் ஒன்று இருந்தது.

“இல்லை சார்,” என்றார். “நான் பாத்தது வேற மரமா இருக்கும்.”

“அப்படிச் சொல்லுங்க,” என்று தலைவர் போனை வைத்தார்.

குறிப்பு உட்கார்ந்து எழுதினார். முதல் கட்டத்தில் தன் பெயர். இரண்டாவதில், ‘மரம் இருக்கிறது என்றார்; பிறகு இல்லை என்றார்.’ மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். அந்தக் கட்டம் காலியாக இருப்பதைக் கவனிக்காமலேயே தலைவர் கையெழுத்துப் போட்டார்.

பாராட்டு விழா அடுத்த வாரம். ஆலோசகருக்கு ஒரு பதக்கம். தலைவருக்கு இன்னொரு கமிட்டி. இந்த முறை பால். பிழையில்லாத ஆவணப் பணிக்காக எழுத்தருக்கு, மேசை நடுவில் இருந்த அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பழங்களோடு அப்படியே தூக்கிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்தார். அன்றைக்கு மனைவியின் தங்கை மகளும் வந்திருந்தாள். வாலுவின் வயதுதான், ஊரின் அந்தக் கோடியில் வேறு பள்ளி. அவள் கிண்ணத்திலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து, உடையில் துடைத்து, ஆசையாகக் கடித்தாள். பல்லில் கட்டென்று சத்தம் வந்தது. திருப்பி வைத்தாள். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வாலு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அப்பா, எங்க ஸ்கூல் பேரு பேப்பர்ல வந்திருக்குன்னு டீச்சர் காட்டினாங்க. ஒண்ணும் பண்ணாமயே பழம் வருதுன்னு போட்டிருக்காம்.”

“ஆமாம்மா.”

“இவ ஸ்கூல்லயும் திங்கள்கிழமையிலேர்ந்து ஒண்ணும் பண்ணலையாம்ப்பா. இவ தினமும் டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளாம். எப்பப்பா வரும்?”

ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்த மனிதர் என்ன பதில் சொல்வார்? “வரும்மா,” என்றார். சொன்னது மூன்றாவது பொய் என்று அவருக்குத் தெரியும். இதை மட்டும் அவர் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

திட்டம் இன்று மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளிலும் மிகச் சிறப்பாக நடைபெற்று வருகிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் நடக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறது. பழம் அழுகிவிட்டது என்றோ, குறைந்துவிட்டது என்றோ, பிள்ளைகள் கழுவாமல் தின்றுவிட்டார்கள் என்றோ இதுவரை எந்தப் பள்ளியிலிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை.